கீசர், குக்கர், ஒரே ஒரு எம்.சி.பி.: கரண்ட் குக்கர் தகராறு செய்தால் எங்கே பார்ப்பது

பெங்களூரில் காலை ஆறரை மணியிலிருந்து எட்டரை வரைக்கும் என் போன் அடித்துக்கொண்டே இருக்கும். முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒரே விஷயம்: "அண்ணா, குக்கர் போட்டேன், வீடே இருட்டாயிடுச்சு." நான் வயரிங் வேலை பார்க்கும் விவேக்நகர், ஈஜிபுரா, ஆஸ்டின் டவுன் பக்கமெல்லாம் சின்ன சைட்டில் மூன்று நான்கு மாடி எழுப்பி, மாடிக்கு இரண்டு வீடாக வாடகைக்கு விட்டிருப்பார்கள். கீழே மீட்டர் போர்டு. அங்கிருந்து வீட்டுக்கு ஒரு ஜோடி வயர் மேலே ஏறும். கதவுக்கு மேலே ஒரு 16 ஆம்பியர் எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானே விழுந்து லைனை நிறுத்தும் சுவிட்ச். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். வீட்டுக்கு வேண்டிய மொத்தக் கரண்ட்டும் அதன் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்தவர். 1902இல் சிவனசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரிலிருந்து எடுத்த கரண்ட் முதலில் போனது தங்கவயலுக்குத்தான். பெங்களூர் சிட்டி மார்க்கெட்டில் தெருவிளக்கு எரிந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து, 1905இல். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கரண்ட் என்றால் ஒரு மரியாதை உண்டு, ஒரு பயமும் உண்டு. இரண்டும் இருந்தால்தான் சமையலறையில் அதை நம்பி வைக்க முடியும்.

போனில் நான் முதலில் கேட்பது இரண்டே கேள்வி. குக்கரைப் போட்டு எவ்வளவு நேரம் கழித்துக் கரண்ட் போனது? எந்த இடம் சுடுகிறது? இந்த இரண்டுக்கும் நிதானமாகப் பார்த்துப் பதில் சொன்னால், நான் படியேறி வருவதற்குள்ளேயே கோளாறு எங்கே என்று ஓரளவு தெரிந்துவிடும். கீழே எழுதியிருப்பது அந்தப் பதில்களை வைத்துத்தான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

குக்கருக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வாட் போட்டிருக்கும். அதை 230ஆல் வகுத்தால் ஆம்பியர். 700 வாட் ரைஸ் குக்கர் 3 ஆம்பியர் இழுக்கும். 1,000 வாட் எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர் 4.3. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7. பக்கெட்டில் போடும் 1,500 வாட் ஹீட்டர் ராடு 6.5. 3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13. மிக்ஸி மூன்று சொச்சம், அயர்ன் பாக்ஸ் நாலு சொச்சம். ஃப்ரிட்ஜ் ஓடும்போது ஒன்றுக்கும் கீழே. ஃபேன், லைட், டிவி எல்லாம் சேர்ந்தே ஒரு ஆம்பியரைத் தாண்டுவது கஷ்டம்.

இப்போது பாருங்கள், ரைஸ் குக்கர் பெரிய தீனிக்காரன் இல்லை. கீசர்தான் தீனிக்காரன். சென்னையில் வருடத்தில் இரண்டு மாதம் கீசர் போடுகிறவர்கள் இங்கே வந்தால் பத்து மாதம் போடுகிறார்கள். கீசர் ஓடும்போது குக்கரைத் தட்டியதும் எம்.சி.பி. விழுந்தால் பழி குக்கர் மேல் விழுகிறது. குக்கரை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதிது வாங்கி, அதற்கும் விழுந்த பிறகு என்னைக் கூப்பிட்ட வீடுகள் உண்டு. மனசு கஷ்டமாக இருக்கும்.

ஸ்விட்சைத் தட்டிய அதே நொடியில் "டப்" என்று விழுகிறது

அந்த நொடியிலேயே விழுந்தால் அது லோடு பிரச்சினை இல்லை. எங்கோ ஷார்ட், அல்லது எர்த்தில் கசிவு. லோடு கொஞ்சம் அதிகமானால் எம்.சி.பி. யோசித்து யோசித்துத்தான் விழும். நொடியில் விழ வேண்டுமானால் அதன் அளவைப் போலப் பல மடங்கு கரண்ட் பாய வேண்டும்.

குக்கர் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து கையோடு எடுத்துவிடுங்கள். எம்.சி.பி.யை ஒருமுறை முழுக்கக் கீழே தள்ளி, பிறகு மேலே தூக்குங்கள். விழாமல் மேலேயே நின்றால் வீட்டு வயரிங் சரி. இப்போது அதே சாக்கெட்டில் அயர்ன் பாக்ஸ் மாதிரி வேறு ஏதாவது போட்டுப் பாருங்கள். அதற்கும் நின்றால் கோளாறு குக்கரிலோ அதன் கார்டிலோ இருக்கிறது. கார்டு குக்கருக்குள் நுழையும் முனையை வளைத்துப் பாருங்கள். உள்ளே கருத்திருக்கும், அல்லது தோல் வெடித்திருக்கும். கார்டை மாற்றினாலே பல குக்கர் பிழைத்துக்கொள்ளும். குக்கரை எடுத்த பிறகும் எம்.சி.பி. நிற்கவில்லை என்றால் அதை மறுபடி மறுபடி தூக்காதீர்கள். ஒவ்வொரு தூக்கலுக்கும் உள்ளே நெருப்புப் பொறி பறக்கிறது. ஆளைக் கூப்பிடுங்கள்.

விழுந்தது எது என்றும் கவனிக்க வேண்டும். போர்டில் "T" என்று எழுதிய சின்னப் பட்டன் உள்ள அகலமான சுவிட்ச் இருந்தால் அது ஆர்.சி.சி.பி. வீட்டுக்குப் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழக்கூடியது. அது மட்டும் விழுந்தால் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள். பாத்திரத்தின் அடியைத் துடைக்காமல் குக்கருக்குள் இறக்கியிருப்பீர்கள்; கஞ்சி பொங்கி உள்ளே இறங்கியிருக்கும்; அல்லது ஆறு மாதம் பரணில் கிடந்த குக்கரின் ஹீட்டர் தட்டு மழைக்கால ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். நல்ல வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் விழுந்தால் ஹீட்டர் தட்டு போய்விட்டது. ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேராக இணைத்துத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். அந்த வீட்டில் ஈரக் கையோடு குக்கரைத் தொடப்போவது குழந்தையாகவும் இருக்கலாம்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்து, கால் மணி, அரை மணி கழித்து விழுகிறது

எனக்கு வரும் போனில் பாதி இதுதான்.

16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16.1க்கு விழும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. வீட்டு எம்.சி.பி.க்கு ஒரு கணக்கு உண்டு: அதன் அளவைப் போல 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரம் வரை விழக்கூடாது. 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். இரண்டரை மடங்குக்கு மேல் போனால் ஒரு நிமிடத்துக்குள். உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு பட்டை சூடேறி மெல்ல வளைகிறது. வளைந்து போய்க் கொக்கியைத் தட்டினால் சுவிட்ச் விழுகிறது. அதனால்தான் நேரம் எடுக்கிறது. விழுந்த கையோடு தூக்கினால் நிற்காததற்கும் அதுவே காரணம்: பட்டை ஆற இரண்டு நிமிடம் கொடுக்க வேண்டும். வெயில் நேராக அடிக்கிற மொட்டை மாடி ஷீட் வீட்டில் அந்தப் பெட்டியே சூடாக இருப்பதால் இன்னும் சீக்கிரம் விழும்.

ஈஜிபுராவில் மூன்றாவது மாடியில் ஒரு அக்கா. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு, வீட்டுக்காரருக்கு காலை ஷிஃப்ட். ஐந்தரைக்குக் கீசரைப் போட்டால் கடைசி ஆள் குளிக்கும் வரை அணைப்பதில்லை. அதற்கு நடுவே இண்டக்‌ஷனில் சாம்பார், குக்கரில் சாதம். கீசர் 13, இண்டக்‌ஷன் 8.7, குக்கர் 3, ஃப்ரிட்ஜும் லைட்டும் சேர்த்து ஒன்றரை. மொத்தம் 26 ஆம்பியர் சொச்சம். தினமும் ஆறேகாலுக்கு இருட்டு. அவர் சொன்ன தீர்வு எல்லோரும் சொல்வதுதான்: "பதினாறை எடுத்துட்டு முப்பத்திரெண்டு போட்டு விட்டுடுங்கண்ணா."

அந்த ஒரு வேலையை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள். எம்.சி.பி. சுவருக்குள் ஓடும் வயருக்குக் காவல் நிற்கிறது. அந்த வீட்டில் கீழிருந்து வந்தது இரண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர். அதையும் வேறு நான்கு வீட்டு வயரோடு ஒரே பைப்பில் திணித்திருந்தார்கள். அப்படி நெருக்கி ஓடும் வயர் 26 ஆம்பியரைத் தினமும் ஒரு மணி நேரம் சுமந்தால் தோல் உள்ளேயே வெந்து போகும். 32 போட்டால் எம்.சி.பி. சும்மா வேடிக்கை பார்க்கும். பழைய வீடுகளில் ஃப்யூஸ் கட்டையில் தடியான செம்புக் கம்பியை முறுக்கி வைப்பதும் இதே தப்புதான்.

நாங்கள் செய்தது நேரத்தைப் பிரித்ததுதான். இன்ஸ்டன்ட் கீசரைக் கழற்றிவிட்டு 15 லிட்டர் தொட்டி உள்ள 2,000 வாட் கீசர் வைத்தோம். 20 டிகிரித் தண்ணீரை 60க்குக் கொண்டுவர அதற்கு 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், முக்கால் யூனிட்டுக்கு உள்ளேதான் செலவு. பிறகு அணைத்துவிட்டாலும் தொட்டியில் சூடு நிற்கும். ஐந்தே முக்காலுக்குக் கீசர் ஆன். அரிசியைக் களைந்து ஊறப்போடு. ஆறு பத்துக்குக் கீசர் ஆஃப், குக்கர் ஆன். குக்கரும் இண்டக்‌ஷனும் மட்டும் சேர்ந்தால் 12 ஆம்பியர், எம்.சி.பி.க்கு நோவே இல்லை. இந்த நேரங்களை ஒரு தாளில் எழுதி ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார் அந்த அக்கா. தொட்டி கீசருக்கு இடமோ காசோ இல்லை என்றால், இருக்கிற கீசரையே குளிக்கிற நேரத்துக்கு மட்டும் போட்டு, அந்த நேரம் அடுப்பை நிறுத்தி வையுங்கள். பலன் ஒன்றுதான்.

லோடு மொத்தமே 12, 13 ஆம்பியர்தான், ஆனாலும் விழுகிறது என்றால் எம்.சி.பி.யின் ஸ்க்ரூ லூசாகி அந்த இடமே சுடுகிறது என்று அர்த்தம். அது அடுத்த பகுதி.

பிளக் சுடுகிறது, கருகிய வாடை வருகிறது

குக்கர் அரை மணி ஓடியதும் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கி, அதன் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே அந்தச் சாக்கெட்டை நிறுத்த வேண்டும்.

போன மாதம் ஆஸ்டின் டவுனில் ஒரு பழைய வீட்டில் இப்படி ஒரு சாக்கெட்டைத் திறந்தேன். மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றியதும் மீன் எரிந்த மாதிரி ஒரு வாடை. பிளக் முள்ளைக் கவ்விப் பிடிக்கும் பித்தளைக் கவ்வி நீலம் பாரித்துப் போயிருந்தது. அதன் வாய் விரிந்து, முள் உள்ளே ஆடிக்கொண்டிருந்தது. வயரைப் பிடித்திருந்த ஸ்க்ரூவில் ஸ்க்ரூ டிரைவரை வைத்ததும் ஒன்றரைச் சுற்று தானாகவே இறுகியது. வயரின் சிவப்புத் தோல் பொரித்த அப்பளம் மாதிரி விரலில் நொறுங்கியது. அந்த வீட்டு அம்மா பத்து நாளாக அந்த வாடையைப் பக்கத்து வீட்டுக் கருவாடு என்று நினைத்திருக்கிறார்.

லூஸ் கான்டாக்டில் என்ன நடக்கிறது என்றால், அந்த இடம் ஒரு குட்டி ஹீட்டராகிறது. அரை ஓம் தடை ஏற்பட்டால் போதும். அதில் இண்டக்‌ஷனின் 8.7 ஆம்பியர் பாயும்போது 38 வாட் சூடு அந்த ஒரு முனையிலேயே பிறக்கிறது. ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்று பிளாஸ்டிக் பெட்டிக்குள் அரை மணி நேரம் இருக்கிறது. எம்.சி.பி.க்கு இது தெரியாது, ஏனென்றால் மொத்தக் கரண்ட் கூடவில்லை. வீட்டில் தீப்பிடிக்க வைக்கும் கோளாறுகளில் இதுவும் ஒன்று. அதனால்தான் கையால் தொட்டுப் பாருங்கள் என்று இத்தனை தடவை சொல்கிறேன்.

செய்ய வேண்டியது: ஆடுகிற சாக்கெட்டை நெளித்துச் சரிசெய்யாமல் புதிதாக மாற்றுங்கள். 700 வாட் ரைஸ் குக்கருக்கு 6 ஆம்பியர் சாக்கெட் போதும். 1,000 வாட்டைத் தாண்டினால் 16 ஆம்பியர் பவர் சாக்கெட், அதற்கு இரண்டரை ஸ்கொயர் வயர். சாக்கெட் பெரிதாக இருக்கிறது, பின்னால் வருவதோ லைட்டுக்கு இழுத்த ஒரு ஸ்கொயர் வயர் என்றால் அது ஏமாற்று வேலை. திறந்து பார்த்துவிட்டு நம்புங்கள். பெரிய முள் பிளக்கைச் சின்ன ஓட்டையில் நுழைக்கத் தரும் கன்வர்ஷன் பிளக்கை இண்டக்‌ஷனுக்குப் போடவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படியே. அதிலும் மீதி வயரைச் சுருட்டிக் கட்டி வைத்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் சுருளுக்குள்ளேயே தங்கும். எஸ்.பி. ரோட்டில் நல்ல சாக்கெட், நல்ல வயர் எல்லாம் கிடைக்கும், ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

லைட் எரிகிறது, ஆனால் சாதம் வேகவில்லை

அழுத்தம், அதாவது வோல்டேஜ், குறைந்தால் ஹீட்டரின் சூடு அதற்கு மேல் மளமளவென்று குறையும். 230க்கு 700 வாட் தரும் குக்கர், 200 வோல்ட்டில் 530 வாட்தான் தரும். 180இல் வெறும் 430. இருபத்தைந்து நிமிடத்தில் வேகும் சாதம் முக்கால் மணிக்குப் போகும், மேலே அரிசி விறைத்து நிற்கும்.

எங்கே குறைகிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. சாக்கெட்டில் சொருகினால் வோல்ட் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. குக்கர் ஓடாதபோது ஒரு அளவு, பக்கத்துச் சாக்கெட்டில் குக்கர் ஓடும்போது ஒரு அளவு எடுங்கள். முதல் அளவே 190 என்றால் கோளாறு வெளியே. கரண்ட் கம்பெனியான பெஸ்காமின் 1912 என்ற நம்பருக்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். ஆனால் முதலில் 225 காட்டி, குக்கரைப் போட்டதும் 205க்கு இறங்கினால் உங்கள் கட்டிடத்தில்தான் பிரச்சினை. 3 ஆம்பியருக்கு 20 வோல்ட் விழுகிறது என்றால் மீட்டர் போர்டுக்கும் உங்கள் அடுப்படிக்கும் நடுவே ஏதோ ஒரு ஜாயின்ட்டில் 60 வாட் சூடு வீணாகிக்கொண்டிருக்கிறது. நல்ல வயரிங்கில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இறங்காது. அலுமினிய வயரோடு செம்பு வயரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டுகள் பழைய வீடுகளில் இந்த வேலையைத்தான் செய்யும்.

நாள் முழுக்க நன்றாக இருந்து காலையில் மட்டும் வேகவில்லையா? கட்டிடத்தின் போர்வெல் மோட்டார் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று விசாரியுங்கள். அதற்கு அரை மணி முன்னால் சமையலை ஆரம்பிப்பது சுலபம்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் இன்னொன்றையும் சொல்வார்கள்: "ஊர்ல இதே குக்கர், இதே அரிசி, நல்லா வெந்துச்சு." அவர்கள் சொல்வது உண்மைதான். பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பும் கொண்டைக்கடலையும் திறந்த பாத்திரத்தில் அடம் பிடிப்பது அதனால்தான். அரிசியை அரை மணி ஊறவைத்து, தண்ணீரைக் கால் டம்ளர் கூட்டி வையுங்கள். குக்கரில் குற்றமில்லை.

லீவர் முன்கூட்டியே "வார்ம்" பக்கம் தாவுகிறது, அல்லது தாவாமல் அடிப்பிடிக்கிறது

ஹீட்டர் தட்டின் நடுவே ஸ்ப்ரிங்கோடு அமுங்கும் ஒரு வட்டப் பொத்தான் இருக்கிறதே, அதற்குள் ஒரு காந்தம். தண்ணீர் இருக்கும் வரை பாத்திரத்தின் அடி கொதிநிலையைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும். 103 டிகிரி வாக்கில் காந்தப்பிடி விட்டுப்போகும், லீவர் தாவும். அந்தப் பொத்தானும் பாத்திரமும் ஒட்டி உட்கார்ந்திருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். தட்டில் ஒரே ஒரு பருக்கை கிடந்தாலும் பாத்திரம் தூக்கிக்கொண்டு நிற்கும். தட்டு மட்டும் காய்ந்து லீவர் சீக்கிரம் தாவும். துடையுங்கள். பாத்திரத்தை இறக்கியதும் இடதும் வலதுமாக லேசாகத் திருப்பி உட்கார வையுங்கள். அடி ஒடுங்கிய பாத்திரம் என்றால் மாற்றத்தான் வேண்டும். கஞ்சி காய்ந்து பொத்தான் அமுங்காமல் இறுகியிருந்தால் லீவர் தாவாது, சாதம் தீயும். பிளக்கைப் பிடுங்கி, ஆறிய பிறகு ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்தால் சரியாகும்.

குக்கர் லைட்டே எரியவில்லை

அதே சாக்கெட்டில் வேறு ஒன்றைப் போட்டுப் பாருங்கள், கார்டை மாற்றிப் பாருங்கள். இரண்டும் சரி என்றால் உள்ளே இருக்கும் தெர்மல் ஃப்யூஸ் போயிருக்கும். மிதமிஞ்சிய சூட்டுக்கு ஒரே ஒருமுறை உருகி அறுந்துபோகும் சின்னப் பொருள் அது. அதன் மேல் எழுதியிருக்கும் அதே டிகிரிக்கு அதே ஆம்பியருக்கு வேறொன்று போட வேண்டும். வயரால் நேராக இணைத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடையில் குக்கரைக் கொடுக்காதீர்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு பீப் போட்டு நின்றுவிடுகிறது

பாத்திரத்தின் அடியில் ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது ஆகாது. சாதாரண இண்டாலியம் ஆகவே ஆகாது. ஒட்டியும் நின்றால் அடியில் காற்று போகும் இடம் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நியூஸ்பேப்பர் விரித்து அதன்மேல் வைத்திருப்பார்கள், ஃபேன் அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கரப்பான் பூச்சி உள்ளே குடியேறி போர்டைக் கெடுப்பதும் நிறைய. வோல்டேஜ் குறைந்தாலும் கூடினாலும் அடுப்பு தானே நின்று ஒரு எழுத்தும் எண்ணும் காட்டும்; அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கூட வந்த புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும்.

கம்மி கரண்ட் வீட்டுக்கு முக்கியமான ஒரு விஷயம். அடுப்பில் 400 என்று வைத்தால் 400 வாட் மட்டும் இழுக்கிறது என்று நம்ப வேண்டாம். விலை குறைந்த அடுப்புகளில் பல, ஆயிரம் வாட் பக்கமாகச் சில நொடி ஓடி, சில நொடி நின்று, சராசரியை 400 ஆக்குகின்றன. பால் கொதித்து அடங்கி, கொதித்து அடங்கி வருவதைப் பார்த்தாலே தெரியும். அதனால் "சிம்மில்தானே இருக்கு" என்று அதன்மேல் இன்னொரு லோடு போடும்போது ஆயிரம் என்றே கணக்கு வையுங்கள்.

திடீரென்று லைட் பளீரென்று எரிகிறது, ஃபேன் வேகமெடுக்கிறது

இதற்கு மட்டும் படித்துக்கொண்டு நிற்காதீர்கள். மெயினை அணையுங்கள், ஃப்ரிட்ஜ் டிவி பிளக்குகளைப் பிடுங்குங்கள். த்ரீ ஃபேஸ் வந்து வீடு வீடாகப் பிரித்த கட்டிடத்தில் பொது நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) அறுந்தாலோ லூசானாலோ ஒரு வீட்டுக்கு வோல்டேஜ் குறைந்து, லோடு கம்மியாக உள்ள வீட்டுக்கு 300, 350 என்று ஏறும். நீங்கள் குக்கர் போட்டதும் உங்கள் லைட் மங்கி, எதிர் வீட்டு லைட் பளீரென்று எரிந்தாலும் இதே கோளாறுதான். எதிர் வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லுங்கள். வீட்டில் எதுவும் ஓடவில்லை, ஆனால் டெஸ்டரை வைத்தால் சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது என்றால் உங்கள் வீட்டு நியூட்ரல் மட்டும் போயிருக்கிறது. இரண்டுமே வயர்மேன் வேலை.

குக்கரைத் தொட்டால் சுரீர் என்கிறது

மூன்று முள் பிளக்கின் பெரிய முள் எர்த்துக்கு. சாக்கெட்டில் அந்த ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லாத வீடுகள் இருக்கின்றன. இருந்தாலும், கீழே எர்த் குழி வெயிலில் வறண்டு கிடக்கும். ஓனரிடம் சொல்லி, கோடையில் வாரம் இருமுறை அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். எர்த் சரியாகும் வரை அந்தக் குக்கரைப் போடாதீர்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு சமாளிப்பது ஒரு வழியே இல்லை.

கரண்ட் போனால் யு.பி.எஸ்.ஸில் குக்கர் ஓடுமா?

மே மாத மழையில் மரம் சாய்ந்து இரண்டு மணி நேரம் கரண்ட் போகும்போது வரும் கேள்வி. 900 வி.ஏ. யு.பி.எஸ். 700 வாட்டைத் தாங்குவதே விளிம்பில்தான். ஃபேனும் லைட்டும் அதே நேரத்தில் ஓடினால் ஓவர்லோடு காட்டி நிற்கும். தாங்கினாலும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 65, 70 ஆம்பியர் உருவும். 150 ஏ.எச். என்று எழுதியிருப்பது மெல்ல மெல்ல, இருபது மணி நேரத்தில் எடுத்தால் கிடைக்கும் கணக்கு. இப்படி மொத்தமாக உருவினால் அவ்வளவு தராது, ஆயுசும் குறையும். சாதம் ஒரு வேளைக்கு ஆகிவிடும், ராத்திரிக்கு ஃபேன் இருக்காது. இண்டக்‌ஷனை வைக்கவே வேண்டாம். வீட்டில் ஒரு சின்ன சிலிண்டர் அடுப்பு இருப்பது நல்லது.

பில் ஏறுகிறது

குக்கர் ஒரு முறை சமைக்க 0.4 யூனிட் ஆகும். காலை சமைத்ததை ராத்திரி வரை "வார்ம்"இல் விட்டால், 40 வாட் வீதம் பத்து மணி நேரத்துக்கு இன்னொரு 0.4. ஹாட் பாக்ஸில் மாற்றி வைத்தால் அது மிச்சம். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் அந்த மாதம் முழு பில்லும் கட்ட வேண்டும் என்பதால், 190 பக்கம் நிற்கும் வீட்டுக்கு இந்தச் சின்ன மிச்சமே பெரிது.

நேரம் பிரித்தும் போதவில்லை என்றால்

அடுப்படிக்கு மீட்டர் போர்டிலிருந்து தனி வயர், தனி 16 ஆம்பியர் எம்.சி.பி. போடுவதுதான் வழி. அதற்கு முன்னால் பெஸ்காம் பில்லில் அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். ஆறு வீட்டுக்கும் சேர்த்து 3 கிலோவாட் என்று இருந்தால் தனி வயர் இழுத்துப் பயனில்லை. லோடைக் கூட்டித் தரச் சொல்லி ஓனர்தான் விண்ணப்பிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். கருகிய சாக்கெட்டைக் கழற்றி வைத்திருந்து கையில் கொண்டு போய்க் காட்டுங்கள். ஈஜிபுரா அக்கா அப்படித்தான் கேட்டார். ஓனர் அந்த வாரமே என்னை வரச் சொன்னார்.

புது வயர் போட்ட பிறகு பத்து நாள் கழித்து, குக்கர் அரை மணி ஓடியதும் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புது ஸ்க்ரூ சூட்டில் விரிந்து சுருங்கிக் கொஞ்சம் இளகும். வயர்மேனைக் கூப்பிட்டு மறுபடி ஒரு சுற்று இறுக்கச் சொல்லுங்கள். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.